கோட்டைக்கு வெளியே கிடந்த கல்

முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தலையணையைச் சொருகப் போன பூங்கொடியின் கையைக் கோவிந்தப்பன் தட்டிவிட்டார். இடது கையால்தான் தட்டினார். சாப்பாட்டைத் தவிர அவருக்கு எல்லாமே இடது கைதான்.

"அது கெடக்கட்டும். நான் சொல்றத மொதல்ல கேளு."

"மூச்சு வாங்கிக்கிட்டு சொல்லு நைனா. நான் எங்கியும் போகல."

உண்மையில் போகவேண்டும். ஓசூரில் அவள் வேலை செய்யும் கம்பெனியில் நான்கு நாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். இன்றோடு முடிகிறது. அப்பா செத்தால் ஐந்து நாள் உண்டு, சாகக் கிடந்தால் நான்குதான் என்று சூப்பர்வைசர் ரொம்பத் தன்மையாக விளக்கியிருந்தார்.

பத்து மணி வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறியிருந்தது. கோவிந்தப்பனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. கட்டிலில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாளாக இருக்கிறார். பர்கூர் குவாரியில் இருபத்து மூன்று வருஷம் கம்ப்ரசர் பிடித்து பாறையில் துளை போட்டவர். ஒன்பது மாதம் காசநோய் மாத்திரை தின்ற பிறகு, பெங்களூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சு முழுக்கக் கல் தூசி, இனி மருந்து இல்லை என்றார்.

தண்ணீர் லாரி வந்திருந்ததால் அம்மா ராஜாத்தி குடங்களோடு தெருமுனைக்குப் போயிருந்தாள். வர எப்படியும் அரை மணி ஆகும். அதற்காகவே காத்திருந்தவர்போல அவர் பேச ஆரம்பித்தார்.

"ரேவதி கல்லு இருக்குதில்ல."

"ஆமா."

"அதுல இருக்கறது ரேவதி பேரு இல்ல."

பூங்கொடி தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். அவளுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இதை அவர் வாயால் கேட்கவேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

ரேவதி அவளுடைய தங்கை. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு வயதில், மூளைக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். அப்போது கோவிந்தப்பன் ஜோர்டானில் இருந்தார். சேதி போய்ச் சேர்ந்தபோது புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. பாஸ்போர்ட் காண்டிராக்டர் பெட்டியில். கெடு முடிய ஐந்து மாதம் பாக்கி. முடித்துவிட்டுத்தான் வந்தார்.

வரும்போது ஒரு கல்லைக் கொண்டுவந்தார். ஒரு முழம் உயரம், கறுப்புக் கல், மேல்பக்கம் வளைவாகச் செதுக்கி, நடுவில் நான்கு வரி எழுத்து. வேலை முடிந்த நேரத்தில் அந்த ஊர் எழுத்தில் பாப்பா பேரை நானே வெட்டினேன் என்றார். ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுடுகாட்டில் ரேவதியின் தலைமாட்டில் அதை நட்டார்கள். அன்றிலிருந்து ராஜாத்தி ஒரு அமாவாசை தவறியதில்லை. கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, விளக்கு வைத்து, எழுத்தின் மேல் விரலை ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

பூங்கொடிக்கு அந்தக் கல்லைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வெளிநாடு போன மற்ற அப்பன்கள் எல்லாம் டேப் ரிக்கார்டர், சென்ட், மினுமினுப்புச் சேலை என்று கொண்டுவந்தார்கள். விமானத்தில் இருபது கிலோதான் ஏற்றலாம், அதில் பாதி கல்லுக்குப் போய்விட்டது. செத்துப்போன மகளுக்குக் கல். உயிரோடிருக்கிற மகளுக்கு, விமானத்தில் காபியோடு கொடுத்த சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. பதின்மூன்று வயதில் இதை யார்தான் மன்னிப்பார்கள்? ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்த எழுத்துகளை உட்கார்ந்து பார்த்தாள். ரேவதிக்கு ஆர் வேண்டும். இல்லை. பாதி எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருந்தது, பாதி இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கணக்கு வாத்தியார் போர்டில் தீட்டா என்று ஒன்றைப் போட்டபோது, இது தங்கச்சி கல்லில் இருக்கிற எழுத்தாயிற்றே என்று நினைத்தாள். கேட்கவில்லை. அப்பாவிடம் எதையும் கேட்கிற பழக்கத்தையே அதற்குள் விட்டிருந்தாள்.

"அப்ப யாரு பேரு?" என்று இப்போது கேட்டாள்.

அவர் சொன்னது கால் மணி நேரம் பிடித்தது. நான்கு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டில் சட்டத்தைப் பிடித்து மூச்சை உள்ளே இழுத்தார்.

அங்கே பாலைவன ஓரத்தில் இடிந்து கிடந்த ஒரு கோட்டையில்தான் அவருக்கு வேலை. நம் கிருஷ்ணகிரி மாதிரி மலைமேல் இல்லை. சமதரையில், சதுரமாக, மூலைக்கு ஒரு கோபுரம். ரோமாபுரிக்காரர்கள் அந்த நாட்டைப் பிடித்து, அரேபியா என்று ஒரு மாகாணமாக்கி, வடக்கிலிருந்து செங்கடல் வரைக்கும் சாலை போட்டு, வழியெல்லாம் மைல் கல் நட்டு, இடையிடையே இப்படிக் கோட்டை கட்டினார்களாம். அதற்கு அந்தப் பக்கம் வெறும் மணல். தோண்ட வந்த வெள்ளைக்காரர்கள் மண்ணை அள்ளமாட்டார்கள், பிரஷ்ஷால் கூட்டுவார்கள். சலித்ததில் ஒரு பாசிமணி கிடைத்தாலும் பொட்டலம் கட்டி நம்பர் போடுவார்கள். விழுந்து கிடந்த வாசல் கல்லைத் தூக்கி மறுபடி அடுக்கத்தான் பர்கூரிலிருந்து ஆறு பேரைக் கொண்டுபோயிருந்தார்கள்.

"கோட்டைக்கு வெளிய, காவல்காரனுங்க குடும்பம் இருந்த வீடுங்க. அதுக்கும் அந்தாண்ட சுடுகாடு. அங்க கெடச்ச கல்லு. கிரேக்க எழுத்தாம். தோண்டற அம்மா படிச்சாங்க. மலையாளத்துக்காரரு ஒருத்தரு, எங்க மேஸ்திரி, எங்களுக்குச் சொன்னாரு." கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "மாக்சிமா. பொட்டப் புள்ள. கடசீல இசட்டு மாதிரி இருக்குதே, அதுதான் வயசு. அவுங்க கணக்குல அது ஏழு."

"ஏழா?"

"ஏழு. அப்பன்காரன் வெச்ச கல்லு. அவன் அந்த ஊரு இல்ல. எங்கியோ கடல் தாண்டி. இருவத்தஞ்சு வருசக் கெடுவுக்கு வந்த பட்டாளத்துக்காரன். எங்களாட்டம்தான்."

ஷெட்டில் நம்பர் போட்டு அடுக்கிய கற்களோடு அதுவும் கிடந்தது. ரேவதி போன சேதி வந்த பிறகு, தினமும் வேலைக்கு இறங்குமுன் அதைப் பார்த்துவிட்டுப் போவாராம். புறப்படுகிற அன்று கம்பளியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். பின்பக்கம் இருந்த வெள்ளைப் பெயிண்ட் நம்பரைச் சுரண்டி எடுத்தது மட்டும்தான் அவருடைய கைவேலை.

"திருடிட்ட."

"ஆமா."

"நீயே ஒண்ண வெட்டியிருக்கலாமில்ல? கல்லு வேலை செய்யறவன்தான நீ?"

"ஒக்காந்தன். அஞ்சாறு தடவ ஒக்காந்தன். உளிய வெக்கறதும் எடுக்கறதுமாவே போச்சு." கொஞ்ச நேரம் இருமினார். "ஆயிரத்தெட்டுநூறு வருசம் அந்தப் புள்ள தலைமாட்டுல இருந்த கல்லு. நான் புடுங்கியாந்துட்டன். அந்தப் பாவம்தான் நெஞ்சுல ஒக்காந்துக்கிச்சு."

"கல்ல கொண்டாந்ததால இல்ல நைனா. கல்லு ஒடச்சதால. டாக்டரு சொன்னாரில்ல?"

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லிரு. வேற எவனோ பெத்த புள்ளைக்கு வெளக்கு ஏத்திக்கிட்டு கெடக்கறா. நம்ம புள்ள பேரில்லாத கெடக்குது. நான் போனப்பறம் சொல்லிரு."

"நீயே சொல்லேன்."

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலடி. ஏழு வருசமா பாக்கறன்."

"நான் மட்டும் பாத்துச் சொல்லணுமா?"

அவர் இடது உள்ளங்கையை நீட்டினார். சத்தியம் கேட்கிற கை. பூங்கொடி அதைப் பார்த்தாள். காய்ப்புக் காய்த்து, விரல் மடங்காத கை. வாசலில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் சட்டென்று தன் கையை அதன்மேல் வைத்து எடுத்தாள்.

மதியம் ஒரு மணிக்கு ராஜாத்தி ராகிக் கூழை ஆற்றி ஒரு வாய் ஊட்டினாள். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை, உதட்டோரம் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"போயிட்டாருடி" என்றாள்.

சாகிறபோதும் அவர் உட்கார்ந்துதான் இருந்தார். படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். மகன் இல்லாததால் பெரியப்பா மகன் குருமூர்த்தி மொட்டையடித்து நீர்க்குடம் தூக்கினான். அந்த ஊரில் பெண்கள் எடுக்கிற அன்று சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். திரும்பி வந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹைவேக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் வந்தது. ரேவதிக்குப் பக்கத்தில் குழி இரண்டடி போனதுமே பாறை தட்டிவிட்டதாம். முன்கூட்டியே பார்த்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கூட வேலை செய்த ஆஞ்சப்பன் குவாரிக்கு ஓடி, டிராக்டரில் கம்ப்ரசரைக் கட்டி இழுத்து வந்திருந்தார். பாடை ஓரமாக வேப்பமரத்தடியில் காத்திருந்தது. நாற்பது நிமிஷம் துளை போட்டார்கள். தூசி பறந்து, மாலையெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்று குருமூர்த்தி பிறகு சொன்னான்.

ராஜாத்தி துடைப்பத்தை வைத்துவிட்டு, அந்தச் சத்தம் நிற்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. பூங்கொடிதான் அழுதாள். அப்பா செத்ததற்கு அழுததைவிட அந்தச் சத்தத்துக்கு அதிகம் அழுதாள். போன பிறகும் விடமாட்டார்களா என்று கத்தவேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் ஆஞ்சப்பன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். அவருக்கும் இருமல் இருந்தது. துண்டை வாயில் வைத்து இருமினார்.

"அண்ணா, நாளன்னிக்கு பால் ஊத்தறப்ப உளி சுத்தியல எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் ராஜாத்தி. "பாப்பா கல்லுல கீழ எடம் இருக்குது. அவுரு பேரையும் வெட்டிருங்க. அதே எழுத்துல."

"அந்த எழுத்து எனக்கு என்னாம்மா தெரியும்?"

"இவ எழுதித் தருவா. டிப்ளமோ படிச்சிருக்கறாளே."

ஆஞ்சப்பன் பூங்கொடியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

கம்பெனிக்குப் போன் செய்து ஐந்து நாள் உறுதி செய்துகொண்டாள். ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். கல்லில் இருந்த எம், ஏ, தீட்டா எல்லாம் நினைவில் இருந்தன. அவற்றைக் கலைத்துப் போட்டு எதையோ எழுதிக் கொடுத்தால் ஆஞ்சப்பன் அப்படியே வெட்டிவிடுவார். யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா சாகிறவரைக்கும் இரண்டு கல்லெழுத்தையும் விரலால் தடவிக்கொண்டு நிம்மதியாக இருப்பாள். ஆனால் உள்ளங்கையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அதைவிட, எட்டு வருஷமாகப் பேரில்லாமல் கிடக்கிற ரேவதியின் ஞாபகம் முதல்தடவையாக அவள் நெஞ்சை அறுத்தது. செத்தவள் மேல் இத்தனை நாள் பொறாமைப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. குருமூர்த்தி பூவும் பொரியும் எடுத்துக்கொண்டான். ராஜாத்தி சொம்பில் பாலும் கையில் மூன்று டம்ளரும் வைத்திருந்தாள். கிரானைட் பாளம் ஏற்றிய லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்ததால் ஹைவேயைக் கடக்க நேரம் பிடித்தது. ஆஞ்சப்பன் முன்னாலேயே வந்து, வேப்பமரத்தடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பலகைக்கல், பாலிஷ் போடும் இடத்தில் ஓரம் உடைந்ததென்று ஒதுக்கியது, சாய்த்து வைத்திருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தன்" என்றார்.

புது மண்மேட்டில் துளையிட்ட பாறைத் துண்டுகள் கலந்து கிடந்தன. அதை ஒட்டி, மஞ்சள் ஏறிய கறுப்புக் கல். ராஜாத்தி உட்கார்ந்து, வழக்கம்போல அதைக் கழுவத் தொடங்கினாள்.

"எழுதியாந்தியாடி?"

"அம்மா, கொஞ்சம் இரு." பூங்கொடி அவள் பக்கத்தில் குந்தினாள். "அது ரேவதி பேரு இல்ல. நைனா வெட்டல. அங்க ஒரு கோட்டைக்கு வெளிய, சுடுகாட்டுல இருந்த கல்லு. வேற புள்ளயோடது. எடுத்தாந்துட்டாரு. உங்கிட்ட சொல்லச் சொல்லி எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஆஞ்சப்பன் வேறு பக்கம் திரும்பி லாரிகளைப் பார்த்தார். ராஜாத்தி கழுவுவதை நிறுத்தவில்லை. நான்கு வரியையும் விரலால் ஓட்டி, இடுக்கில் இருந்த பழைய மஞ்சளைத் தோண்டி எடுத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"உங்க நைனா பீச்சாங்கை. அவுரு உளி வெச்சா பள்ளம் இந்தப் பக்கம் சாயும். அவுரு கொத்துன வூட்டு அம்மியப் போயிப் பாரு. இது சோத்தாங்கையில வெட்டுனது. அதுவும் எந்தக் காலத்து வெட்டோ, ஓரமெல்லாம் மழுங்கிக் கெடக்குது. நானும் பதினஞ்சு வருசம் குவாரியில கல்லு ஒடச்சவதான். மொத நாளே விரல வெச்சன், தெரிஞ்சுபோச்சு."

பூங்கொடி ஆஞ்சப்பனைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எங்களுக்கும்தாம்மா" என்றார். "நடுறப்பவே பாத்தோம். யாரு கேக்கறது?"

ஊரிலிருக்கிற கல்லு வேலைக்காரன் அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியத்தைத்தான் அந்த மனிதர் ஏழு வருஷம் தூசியோடு தூசியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திணறியிருக்கிறார். பூங்கொடிக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்ப நீ சொல்லியிருக்கலாமில்ல? எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்த? கடசி வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டு செத்தாரும்மா!"

"அவுரா சொல்லட்டும்னு இருந்தன்" என்றாள் ராஜாத்தி. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். "தண்ணி லாரிக்குப் போறப்ப கூட நெனச்சன். இன்னிக்குச் சொல்லுவாருன்னு."

"அப்பறம் எதுக்கு அதே எழுத்துல வெட்டச் சொன்ன?"

"அவுரு கட்டுன பொய்யி. நான் எதுக்கு ஒடைக்கணும்? வூட்டுக்காரரு பேரும் அதுலயே இருந்துட்டுப் போகட்டும்னுதான்." விரலைக் கல்லின் மேல் வைத்தாள். "அந்தப் புள்ள பேரு என்னா?"

"மாக்சிமா."

"எத்தினி வயசு?"

"ஏழு. அவங்கப்பன் வெச்ச கல்லு. பட்டாளத்துக்காரன். அசலூருலருந்து வந்தவன்."

"ஏழு" என்றாள் ராஜாத்தி. மூன்று டம்ளரையும் வரிசையாக வைத்துப் பால் ஊற்றினாள். ஒன்று புது மேட்டுக்கு, ஒன்று ரேவதிக்கு. மூன்றாவதைக் கறுப்புக் கல்லின் அடியில் வைத்தபோதுதான் பூங்கொடிக்கு உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் ரேவதி திதிக்கு அம்மா இரண்டு டம்ளர் எடுத்துவருவாள். இரண்டாவது தனக்கென்று நினைத்து, படைத்து முடித்ததும் பூங்கொடியே எடுத்துக் குடித்திருக்கிறாள். அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை.

குருமூர்த்தி பொரியைத் தூவினான். எறும்புகள் வந்துவிட்டன.

"இந்தக் கல்லு இப்பிடியே இருக்கட்டும்ணா" என்று ராஜாத்தி ஆஞ்சப்பனிடம் சொன்னாள். "அந்தப் பலகைக்கல்லுல வெட்டுங்க. தமிழ்ல. மொதல்ல ரேவதி, அப்பறம் அவுரு."

ஆஞ்சப்பன் கல்லை மடியில் சாய்த்துக்கொண்டு, உளியை இடது கையிலும் சுத்தியலை வலது கையிலும் எடுத்தார்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"பீச்சாங்கையில வெட்ட வருமா?"

ஆஞ்சப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உளியை வலது கைக்கு மாற்றினார், சுத்தியலை இடது கைக்கு. பிடி சரியாக அமையவில்லை, இரண்டு தடவை மாற்றிப் பிடித்தார். முதல் அடி உளியில் படாமல் கட்டைவிரலில் பட்டது. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, உளியை மறுபடி அதே இடத்தில் வைத்தார்.